ஒரே தாய், இரு விதி: கலப்பின ரப்பர் மரங்களில் இலைப் பண்பும் நோயெதிர்ப்பு மரபும்

முன்னுரை

மலேசியாவின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்காவான கூலிம் ஹைடெக் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. அங்குள்ள சில்லுத் தொழிற்சாலைகளைக் கடந்து லூனாஸ், பாடாங் செராய் பக்கம் போனால் செம்பனைக்கு நடுவே இன்னும் ரப்பர் மரங்களைக் காணலாம். தோட்டத் தமிழர் வாயில் அது கித்தா மரம், பால்மரம். ஓர் அச்சிலிருந்து எண்ணற்ற படிகளை எடுப்பது சில்லுத் தொழிலின் இயல்பு. ரப்பர் தோட்டமும் நூறாண்டாக அதையே செய்துவருகிறது. ஒரே குளோனின் ஒட்டுக்கன்றுகளை நட்ட நிரையில் வேர்க்கட்டைகள் வேறுபடலாம். பால் தரும் தண்டும் நோய் தாங்கும் இலையும் மரபளவில் ஒன்றே. இந்த ஒருமை பாலைப் பெருக்கியது. நோய் ஒரு மரத்தில் வென்றால் தோட்டம் முழுவதையும் வெல்லவும் வழி செய்தது. 'நோயெதிர்ப்புள்ள குளோன்' என்று ஒன்றைத் தேடி அதை மட்டும் நடுவது மரபியல் சான்றுகளுக்கு ஒவ்வாத வழி என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கலப்பும் ஒட்டும்

1876இல் ஹென்றி விக்காம் அமேசானின் தபஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். கியூ தோட்டத்தில் முளைத்தவை 2,700 அளவே. மறு ஆண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்தவை 22 கன்றுகள். ஆசியத் தோட்டங்களின் வம்சாவளி பெரும்பாலும் இந்தக் குறுகிய வாசல் வழியே வந்தது.

1925இல் மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம் நிறுவப்பட்டது. அதன் புகழ்பெற்ற கலப்பினமான ஆர்.ஆர்.ஐ.எம். 600, ஜாவாவின் ட்ஜிர் 1 மரத்துக்கும் சிலாங்கூர் பிராங் பெசார் தோட்டத்தின் பி.பி. 86க்கும் பிறந்தது. கைமகரந்தச் சேர்க்கையில் காய் பிடிப்பது அரிது. ரப்பர் மரம் தூய வழி அல்லாததால் ஒரே காயின் விதைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பல நாற்றுகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்து, ஒட்டுக் கட்டி, பல ஆண்டு சோதித்த பின்பே அது பரிந்துரைக்கு வரும். நெடுங்காலம் அந்தத் தேர்வின் முதல் அளவுகோல் பால். இலைக்கு அடுத்த இடமே கிடைத்தது.

இலையின் வயதே முதல் அரண்

கூலிம் அமைந்த கெடா மாநிலத்தில் வறண்ட காலம் தெளிவாக இருப்பதால் ஆண்டின் தொடக்கத்தில் மரங்கள் ஒருசேர இலை உதிர்க்கின்றன. பால் குறையும், வெட்டுக்கூலியும் குறையும். பின்னர் வரும் துளிரைக் கையில் எடுத்துப் பார்த்தால் நோயின் இலக்கணம் புரியும். மூன்று சிற்றிலைகளும் முதலில் செம்பு நிறத்தில் விரிகின்றன. அடுத்து வெளிர் பச்சையாகி, எலும்பற்றதுபோல் துவண்டு தொங்குகின்றன. மேற்தோல் தடித்து, விறைத்து நிமிர்ந்த பிறகே இலை முதிர்கிறது. ஒய்டியம் பூஞ்சையால் வரும் சாம்பல் நோயும் கொலட்டோட்ரிக்கம் நோயும் தாக்குவது இந்த இளம் இலையைத்தான். பனிமூட்டக் காலை முதலாவதற்கு உதவும், இடைமழை இரண்டாவதற்கு. ஆகவே முந்தி உதிர்த்து முந்தித் துளிர்க்கும் குளோன் நோயை எதிர்க்காமலே அதற்குத் தப்பிவிடலாம். இலை உதிரும் நாளும் மரபுக்குரிய பண்புதான். எதிர்ப்பையும் தப்புதலையும் ஒரே தலைப்பில் எழுதும் மதிப்பீட்டுப் பட்டியல் இங்கே தடுமாறுகிறது.

இலையின் வேதியியல் இதைவிட வியப்பானது. மரவள்ளியைப் போலவே ரப்பர் இலையும் லினமாரின் என்ற சேர்மத்தைச் சேர்த்துவைக்கிறது. இலை காயம்பட்டால் அதிலிருந்து சயனைடு வெளிப்படும். தழை தின்னும் உயிர்களுக்கு எதிராக இது நல்ல ஆயுதம். தென்னமெரிக்க இலைக்கருகல் பூஞ்சைக்கு எதிரிலோ சயனைடு அதிகம் வெளியிடும் மரங்களே எளிதில் வீழ்வதை லீபெரைய் குழுவின் ஆய்வுகள் காட்டின. பூஞ்சையைத் தடுக்க இலை தயாரிக்கும் ஸ்கோபோலெட்டின் என்ற பொருளின் ஆக்கத்தையே அந்தச் சயனைடு முடக்கிவிடுகிறது. ஒரு பகைக்கு அரணாக இருப்பது இன்னொரு பகைக்கு வாசலாகிறது.

இலங்கையின் இரு சகோதரிகள்

சாம்பல் நோயைத் தாங்கும் ஆர்.ஆர்.ஐ.சி. 52 என்ற தாய்க்கு இலங்கையில் இரு மகள்கள். பி.பி. 83ஐத் தந்தையாகக் கொண்டது ஆர்.ஆர்.ஐ.சி. 100, பி.பி. 86ஐத் தந்தையாகக் கொண்டது ஆர்.ஆர்.ஐ.சி. 103. 1980களின் நடுவில் கோரினெஸ்போரா பூஞ்சை நோய் பரவியபோது முதல் மகள் நின்றாள், இரண்டாமவள் வீழ்ந்தாள். இலை நரம்பு வழியே மீன்முள் வடிவில் கருமை படர்ந்து மரங்கள் மொட்டையாயின. 4,000 ஹெக்டேர் அளவில் பிடுங்க நேர்ந்தது. இதற்குப் பத்தாண்டு முன்பே மலேசியாவில் ஆர்.ஆர்.ஐ.எம். 725 அதே நோய்க்குப் பலியாகியிருந்தது.

இந்தப் பூஞ்சையின் ஆயுதங்களில் ஒன்று, 27 அமினோ அமிலங்கள் கொண்ட கேசிகோலின் என்னும் நச்சுப் புரதம். பூஞ்சை வகைக்கு வகை அதன் வடிவம் மாறுகிறது. சில வகைகளில் அது இல்லவே இல்லை. எனவே ஓரிடத்தில் தாங்கும் குளோன் வேறிடத்தில் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

ஆர்.ஓ. 38 தரும் பாடம்

பிராங் பெசார் வழிவந்த பி.பி. 260ஐ ஆர்.ஓ. 38 உடன் கலந்து, அதன் சந்ததிகளை லெஸ்பினாஸ் குழு 2000இல் ஆராய்ந்தது. ஆர்.ஓ. 38, ஹெவியா பெந்தாமியானா என்ற காட்டு உறவினத்துக்கும் அவ்ரோஸ் 363க்கும் பிறந்த கலப்பினம். இலைக்கருகல் எதிர்ப்புக்குரிய எட்டு மரபிடங்கள் ஆர்.ஓ. 38இல் வெளிப்பட்டன. அவற்றில் ஒன்று மட்டும் ஐந்து பூஞ்சை வகைகளுக்கு எதிரில் காணப்பட்ட வேறுபாட்டில் 36 முதல் 89 விழுக்காட்டை விளக்கியது. நன்மை தரும் மரபலகுகள் காட்டுப் பாட்டியிடமிருந்தே வந்திருந்தன. விக்காம் வழிவந்த அவ்ரோஸ் 363இலிருந்து ஒன்றும் வரவில்லை. ஆனால் 2007இல் வெளியான லெ குவென் குழுவின் ஆய்வு, இந்தப் பல்மரபு எதிர்ப்பையும் ஒரு பூஞ்சை வகை மீறிச் சென்றதைப் பதிவுசெய்தது. பல மரபணுக்கள் இருந்தால் போதும் என்ற நம்பிக்கையும் இங்கே தளர்கிறது.

மறுப்பும் விடையும்

பல குளோன்களை நட்டால் வெட்டும் மேற்பார்வையும் சிக்கலாகும், விளைச்சல் சீராக இராது என்பது தோட்ட நிர்வாகத்தின் நியாயமான மறுப்பு. ஆனால் மரத்துக்கு மரம் கலக்க வேண்டியதில்லை. வயலுக்கு வயல் மாற்றினாலே நோயின் ஓட்டம் தடைபடும். ஒரே குளோனில் கிடைக்கும் கூடுதல் பாலைக் கணக்கிடும் ஏடு, இலங்கையில் பிடுங்கிய மரங்களையும் செலவுப் பக்கத்தில் எழுத வேண்டும்.

முடிவுரை

கருவிகள் தொலைவில் இல்லை. ஆர்.ஆர்.ஐ.எம். 600இன் மரபணுத்தொகை வரைவை 2013இல் வெளியிட்டது கூலிமுக்கு அண்மையிலுள்ள பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். 1981இல் பிரேசிலின் ஆக்ரே, ரொண்டோனியா, மாத்தோ குரோசோ மாநிலங்களில் திரட்டிய காட்டு விதைகளில் 37.5 விழுக்காடு மலேசியாவுக்குக் கிடைத்தது. 2017 முதல் மலேசியாவில் காணப்படும் பெஸ்டலோடியாப்சிஸ் இலையுதிர்வு முதிர்ந்த இலைகளையே தாக்குவதால், இலை வயது என்னும் பழைய அரணும் இனி முழுதாக உதவாது. மறுநடவுப் பரிந்துரையில் ஒவ்வொரு குளோனுக்கும் பால் அளவோடு இலை உதிரும் காலம், துளிர் முதிர எடுக்கும் நாள்கள், எந்தப் பூஞ்சை வகையில் சோதிக்கப்பட்டது என்பவையும் இடம்பெற வேண்டும். இவை இல்லாமல் 'எதிர்ப்புள்ளது' என்று எழுதும் ஒற்றைச் சொல் ஆய்வு முடிவாகாது.