பெரட்டுக் களம் முதல் கப்பல் பட்டறை வரை: பேராக்கில் கும்பினி மொழியும் படை மொழியும்

வணிக நிறுவனங்களின் நிர்வாக மொழி படைத்துறைக்குள் புகுந்து நிலைபெற்றுவிட்டது என்னும் குறை இன்று பல நாடுகளில் கேட்கப்படுகிறது. போர்வீரன் 'மனித வளம்' ஆகிறான். தளபதி 'அடைவுநிலைக் குறியீடு' காட்ட வேண்டியவராகிறார். தற்காப்பு 'சேவை' ஆகிறது. அதனைப் பெறும் குடிமக்கள் 'வாடிக்கையாளர்' ஆகின்றனர். இதனை அண்மைக் காலத்து நோயாக மட்டும் காண்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. பேராக் மாநிலத்தைச் சான்றாகக் கொண்டு நோக்கின், கொடுக்கல் வாங்கல் முதலில் எதிர்த்திசையில் நிகழ்ந்திருப்பதைக் காணலாம். படையிடமிருந்து தோட்டம் கடன் வாங்கியது; பின்னர்த் தோட்டத்தை நடத்திய கும்பினிகளின் மொழி படையை வந்தடைந்தது. இவ்விரு நகர்வுகளையும் இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். தமிழ் மக்களின் நாவில் 'கும்பினி' என்பது வணிக நிறுவனத்தை மட்டும் குறித்த சொல்லன்று. கிழக்கிந்தியக் கும்பினி வரி தண்டியது, வழக்குத் தீர்த்தது, பட்டாளம் வைத்திருந்தது. 'கும்பினிப் பட்டாளம்' என்ற தொடரில் வணிகமும் வாளும் ஒரே மூச்சில் ஒலிக்கின்றன. ஆங்கிலத்திலும் வணிகக் குழுவுக்கும் படைப்பிரிவின் ஒரு கூறுக்கும் 'கம்பெனி' என்பதே பெயர். நாம் ஒன்றை 'நிறுவனம்' என்றும் மற்றொன்றைப் 'படைப்பிரிவு' என்றும் பிரித்து மொழிபெயர்த்ததால் அந்த உறவு தமிழில் மறைந்துபோயிற்று. மறுபுறம், அம்பெய்தவனுக்குரிய 'இலக்கு' இன்று ஆண்டறிக்கையில் இடம்பெறுகிறது. போர்க்களத்து 'வியூகம்' விற்பனைக் கூட்டத்தில் வகுக்கப்படுகிறது. திருக்குறளில் 'பொருள் செயல்வகை' 76ஆம் அதிகாரமாகவும் 'படைமாட்சி' 77ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து நிற்பதை வகுப்பில் சுட்டிக்காட்டும் ஆசிரியர்கள் உண்டு. அடுத்தடுத்து நிற்பினும் அவை இரண்டு அதிகாரங்கள் என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

பேராக்கில் ஆங்கிலேய ஆதிக்கம் 1874ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் பங்கோர் உடன்படிக்கையுடன் தொடங்கிற்று. மறு ஆண்டில் பாசிர் சாலாக்கில் ஆலோசகர் பர்ச் கொல்லப்பட்டதும், இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் படைகள் வரவழைக்கப்பட்டன. படை வகுத்த வழியில் ஈயமும், பின்னர் ரப்பரும் வந்தன. தோட்டத்தில் தமிழர் வாழ்ந்த வாழ்வின் சட்டகம் பாளையத்தை ஒத்திருந்ததற்கு அவர்கள் வழங்கிய சொற்களே சான்று. விடியுமுன் ஆள்கணக்கு எடுப்பதற்குப் 'பெரட்டு' என்று பெயர். 'பரேட்' என்னும் படைச்சொல்லின் திரிபு அது. குடியிருப்பு வரிசைக்கு 'லயம்' என்று பெயர். சிப்பாய்களின் குடியிருப்பையும் ஆங்கிலேயர் 'லைன்' என்றே வழங்கினர். (குதிரை 'லாயம்' என்னும் சொல்லோடு இது ஒலியால் நெருங்கியிருப்பது தற்செயலாயினும், அதனைக் கசப்போடு நினைவுகூர்ந்த முதியவர் பலர்.) முதல் உலகப் போருக்குப் பின் வந்த துரைமார் பலர் படையில் பணியாற்றியவர்கள். துரை, கிராணி, கங்காணி எனக் கீழிறங்கும் வரிசை அவர்களுக்குப் பழகிய வரிசைதான். ஆயின், பெரட்டில் நின்று பழகிய உடல் துரைக்கு மட்டுமே பயன்பட்டது என்று கருதிவிடலாகாது. 1943 முதல் இந்திய தேசிய இராணுவத்தில் திரளாகச் சேர்ந்தோரும், போருக்குப் பின் கெடா தோட்டங்களில் கள்ளுக்கடைக்கு எதிராகத் தொண்டர் படை கண்டோரும் அதே ஒழுங்கைத் தமக்காகக் கையாண்டவர்களே.

1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், எல்ஃபில் தோட்டத்திலும் அதனையடுத்த தோட்டமொன்றிலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரு நாள்களில் அவசரகாலம் மலாயா முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த ஒரு போர் 'போர்' என்று அழைக்கப்படாமைக்குக் காரணம் இலண்டன் காப்புறுதி நிறுவனங்களே என்று பலரும் எழுதியுள்ளனர். போர் என்று அறிவிக்கப்பட்டால் தோட்டங்களுக்கும் ஈய வயல்களுக்கும் ஏற்படும் இழப்புக்குக் காப்புறுதி கிட்டாது என்பது அவ்விளக்கம். சொல்லாட்சிக்கு அரசியல் காரணங்களும் இருந்தன எனக் கூறி இதனை முழுமையாக ஏற்காத வரலாற்றாய்வாளரும் உளர். காப்புறுதி ஒன்றே காரணமன்று என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. எனினும் இவ்விளக்கத்தை அனைவரும் உடனே நம்பினர் என்பதே, கும்பினியின் கணக்கேடு படையின் அகராதியைத் திருத்தவல்லது என்று மக்கள் கருதியிருந்தமையைக் காட்டும்.

1950இல் பிரிக்ஸ் வகுத்த திட்டம் இவ்வுறவுக்கு நிறுவன வடிவம் தந்தது. மாநிலந்தோறும் மாவட்டந்தோறும் போர்ச் செயற்குழுக்கள் அமைந்தன. நிர்வாக அதிகாரி, காவல்துறைத் தலைவர், படைத் தளபதி மூவரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். தோட்ட முதலாளிகளின் பேராளர்களுக்கும் அம்மேசையில் இடம் கிடைத்தது. பெயரில் 'போர்' இருந்தாலும் அமைப்பில் அது இயக்குநர் வாரியக் கூட்டந்தான். ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள் புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்ட செய்தி பாடநூல்களில் இடம்பெறுகிறது. தோட்ட லயங்கள் முள்வேலிக்குள் ஒன்றுதிரட்டப்பட்ட 'மறுதொகுப்பு' அத்துணை பேசப்படுவதில்லை. தமிழ்த் தொழிலாளியின் அனுபவம் பெரிதும் இதுவே. வேலி வாயிலில் உடல் சோதனை. உணவுத் தடுப்பு நடவடிக்கை நடந்த இடங்களில் பால் வெட்டப் போகும்போது கட்டுச்சோறு எடுத்துச் செல்லத் தடை. வைகறையில் வெளியேறி வேலை முடியும்வரை வெறும் வயிற்றோடு மரம் வெட்டியவர்களுக்குப் பெரட்டு எது, பாளையம் எது என்று பிரித்தறிய வழியில்லை.

உயிருக்கும் விலைப்பட்டியல் வெளியாயிற்று. சித்தியவானில் மிதிவண்டிக் கடைக்காரரின் மகனாகப் பிறந்த சின் பெங்கை உயிருடன் ஒப்படைப்போர்க்கு 1952இல் 250,000 வெள்ளி அறிவிக்கப்பட்டது. பதவிக்கேற்ப விலை இறங்கிற்று. கொல்லப்பட்டோர், பிடிபட்டோர், சரணடைந்தோர் எண்ணிக்கை ஒழுங்காக வெளியிடப்பட்டது. பதுங்கித் தாக்குதலின் பயனை எண்களால் அளக்க ஆய்வுக்குழு ஒன்றும் செயல்பட்டது. இவ்வகைச் 'செயல்முறை ஆய்வு' இரண்டாம் உலகப் போரின்போது படைக்காகவே உருவாகி, போருக்குப்பின் ஆலைகளுக்கும் வணிகக் கல்லூரிகளுக்கும் பரவிய துறையாகும். ஃபோர்ட் மோட்டார் நிறுவனத்தின் தலைவராயிருந்த ராபர்ட் மெக்நமாரா 1961இல் அமெரிக்கத் தற்காப்பு அமைச்சராகி, அதே வகைக் கணக்கை வியட்நாமுக்குக் கொண்டுசென்றதை உலகறியும். அதே ஆண்டில் மலாயா அனுபவத்தை எடுத்துரைக்க ராபர்ட் தாம்சன் சைகோனுக்கு அனுப்பப்பட்டார். எண்ண முடிந்ததை எண்ணி, எண்ண முடியாததை விட்டுவிடும் பழக்கத்தின் விளைவை அங்குக் கண்டோம். மலாயாவில் அது வெளிப்படாமைக்குக் காரணம் கணக்கு சரியாக இருந்தமையன்று. 1957இல் கிட்டிய விடுதலை கிளர்ச்சியின் வேரைத் தளர்த்தியமை என்றே கொள்ள வேண்டும்.

விடுதலைக்குப் பின் இம்மொழி அரசுச் சுற்றறிக்கைகள் வழியே வந்தது. 1969இல் திட்ட, செயல்திறன் வரவுசெலவு முறை. 1983இல் மகாதீரின் 'மலேசியா நிறுவனம்' கொள்கையும் தனியார்மயமும். 1990களில் முழுமைத் தர நிர்வாகம், வாடிக்கையாளர் சாசனம், ஐ.எஸ்.ஓ. சான்றிதழ், 2005இல் அடைவுநிலைக் குறியீடு. இவை அரசுத்துறை முழுமைக்கும் உரியவை. தற்காப்பு அமைச்சும் விலக்கன்று. 2009இல் தொடங்கிய தேசிய நீலப் பெருங்கடல் வியூகமோ வணிகக் கல்லூரிப் பேராசிரியர் இருவர் 2005இல் வெளியிட்ட ஒரு நூலின் பெயரையே தாங்கி வந்தது. அதன் தொடக்ககால முயற்சிகளுள் ஒன்று, படைவீரர்களைக் காவல்துறையினருடன் தெருச் சுற்றுக்காவலில் ஈடுபடுத்தியதாகும். போட்டியற்ற சந்தையைத் தேடும் வணிகருக்கு எழுதப்பட்ட கருத்து, படை உள்நாட்டுத் தெருவில் நிற்பதற்கு விளக்கமாயிற்று. குற்றம் குறைந்ததா என்பது வேறு வினா. படைக்கும் காவலுக்கும் இடையே எல்லை ஏன் வேண்டும் என்னும் அரசியல் வினாவை 'வளப் பகிர்வு' என்னும் சொல் எழவிடாமல் செய்துவிடுகிறது என்பதே இங்குக் கருதத்தக்கது.

இவ்வரலாற்றின் மிகத் தெளிவான சான்று பேராக்கின் கடற்கரையிலேயே உள்ளது. 1972இல் தொடங்கிய ஆயுதப்படை நிதி வாரியம், சிப்பாய்களின் ஊதியத்திலிருந்து கட்டாயச் சந்தா பெற்று அவர்தம் ஓய்வுக்காலத்திற்குச் சேமிக்கும் அமைப்பு. அது முதலீடு செய்த நிறுவனங்களுள் தலையாயது பூஸ்டெட். 1828இல் சிங்கப்பூரில் எட்வர்ட் பூஸ்டெட் தொடங்கிய அந்த வணிக இல்லம், இலண்டன் கும்பினிகளின் சார்பில் ரப்பர்த் தோட்டங்களை நிர்வகித்த முகவர் நிலையங்களுள் ஒன்று. தமிழ்த் தொழிலாளியின் உழைப்பைக் கணக்கெழுதிய வணிக இல்லம், பின்னாளில் படைவீரனின் சேமிப்பால் வாங்கப்பட்டது. தொழிலாளியும் வீரனும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே ஏட்டின் இரு பக்கங்களில் இடம்பெற்றனர்.

லூமுட் கடற்படைப் பட்டறை 1990களின் முற்பகுதியில் நிறுவனமயமாக்கப்பட்டு, 1995இல் தனியார்மயமானது. 1998இல் ஆறு சுற்றுக்காவல் கப்பல்களுக்கு ஒப்பந்தம் பெற்ற நிறுவனம் பணியில் தடுமாறவே, 2005இல் அது பூஸ்டெட் வசமாயிற்று. அந்நிறுவனத்திற்கே கடலோரப் போர்க்கப்பல் ஆறனைக் கட்டும் பணி திறந்த ஏலமின்றி வழங்கப்பட்டது. மதிப்பு ஏறத்தாழ 9.13 பில்லியன் ரிங்கிட். முதற்கப்பல் 2019இல் வந்திருக்க வேண்டும். நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 2022 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையின்படி 6.08 பில்லியன் ரிங்கிட் செலுத்தப்பட்டிருந்தும் ஒரு கப்பல்கூட நிறைவுபெறவில்லை. அத்தொகையில் 400 மில்லியன் ரிங்கிட் பழைய சுற்றுக்காவல் கப்பல் திட்டத்தின் கடனைத் தீர்க்கப் பயன்பட்டிருந்தது. கடற்படை விரும்பியது சிக்மா வடிவம்; தேர்வானதோ கோவிண்ட் வடிவம்.

இவ்விறுதிச் செய்தியில் சற்று நிற்க வேண்டும். தனியார்மயத்தை ஆதரித்தோர் கூறிய முதற்காரணம், வாடிக்கையாளரின் தேவைக்கு நிறுவனம் விரைந்து செவிசாய்க்கும் என்பது. லூமுட்டில் வாடிக்கையாளர் கடற்படை. கப்பலில் ஏறிக் கடலில் நிற்கப்போகும் அந்த வாடிக்கையாளரின் கருத்து ஏற்கப்படவில்லை. ஆக, வணிக மொழி வந்த இடத்தில் வணிக ஒழுக்கம் வரவில்லை. உண்மையான சந்தையில் பொருள் வராவிட்டால் பணம் நிற்கும். இங்குப் பணம் சென்றுகொண்டேயிருந்தது. படையின் மரபிலோ, பொறுப்பேற்றவரின் பெயர் தெரிந்திருக்கும். இங்கு அதுவும் குழுக்களுக்குள் கரைந்தது. இரு மரபுகளிலும் உள்ள கட்டுப்பாட்டை விட்டு, இரண்டின் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்ட நிலை இது. நட்டத்தின் ஒரு பகுதி, பங்குரிமை வழியே, சிப்பாயின் சேமிப்பையும் தொட்டது.

2023இல் பூஸ்டெட் தோட்ட நிறுவனத்தின் 33 விழுக்காட்டுப் பங்கினை, ஈப்போவில் பதிவு அலுவலகம் கொண்ட கோலாலம்பூர் கெப்போங் நிறுவனத்திற்கு விற்கும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டு, எதிர்ப்புக்கிடையே அவ்வாண்டு அக்டோபரில் கைவிடப்பட்டது. விவாதம் பங்கு விலை, நில உடைமை, படைவீரரின் ஆதாயப்பங்கு ஆகியவற்றைச் சுற்றியே பெரிதும் நடந்தது. அந்நிலங்களைத் திருத்திய தலைமுறையின் பிள்ளைகளுள் பெரும்பாலோர் அதற்குள் ஈப்போ, சுங்கை சிப்புட், தாப்பா எனப் பட்டணத்து ஓரங்களுக்குப் பெயர்ந்திருந்தனர். அவர்கள் வெளியேறிய காலத்து அறிவிப்புகளிலும் 'மறுசீரமைப்பு', 'பன்முகப்படுத்தல்' என்னும் சொற்களே இருந்தன.

கப்பல் பட்டறையைப் பின்னர் அரசே எடுத்துக்கொண்டது. கப்பல்களின் எண்ணிக்கை ஐந்தாகக் குறைந்து, செலவு 11.2 பில்லியன் ரிங்கிட்டாக உயர்ந்தது. பட்டறையின் பெயரிலிருந்து பூஸ்டெட் நீங்கி, அது லூமுட் கடற்படைப் பட்டறை எனப்பட்டது. 2024ஆம் ஆண்டு மே மாதம் அங்கே நீரில் இறக்கப்பட்ட முதற்கப்பலுக்கு மகாராஜா லேலாவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. பர்ச் கொலைக்காக 1877இல் மாத்தாங்கில் தூக்கிலிடப்பட்ட பாசிர் சாலாக் தலைவர் அவர். கப்பல் இறங்கிய நீருக்கு அப்பால் தெரிவது, 1874இல் உடன்படிக்கை கையெழுத்தான பங்கோர்.