பலகை நிற்கிறது, கண்டல் இல்லை: ஆற்றங்கரையில் ஊர்க்காசின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

போன மாதம் தரம் 8 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனோம். வரைபடத்தில் அது மட்டக்களப்பு வாவி, நமக்கு என்றும் ஆறுதான். அங்கே ஒரு பெயர்ப்பலகை நிற்கிறது. கண்டல் நடுகைத் திட்டம், காசு கொடுத்தவர் யார், வேலை செய்தவர் யார் என்று எல்லாம் எழுதியிருக்கிறது. கண்டலைத்தான் காணோம். வேலி விழுந்த பிறகு ஆடு மாடுகள் தின்று முடித்துவிட்டன. ஒரு பிள்ளை கேட்டது: "சேர், காசு தந்தவங்க பிறகு வந்து பாக்கலையா?"

வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். ஆனால் பக்கத்தில் இருந்த நாங்களும் போய்ப் பார்க்கவில்லை. எங்கள் காசு அதில் ஒரு சதமும் இல்லை. அதனால் கேள்வி கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

அன்றிரவு முழுக்க ஒரே யோசனை. புரொஜெக்ட் என்ற சொல் வருவதற்கு முன் இந்த ஊர்களில் பொது வேலைக்கு யார் காசு கொடுத்தது? யார் கணக்குக் கேட்டது?

முதலில் வயலுக்குப் போவோம். நம் பக்கத்தில் ஒரு வாய்க்காலில் தண்ணீர் குடிக்கும் வயல்களைக் கண்டம் என்றும் வட்டை என்றும் சொல்வோம். அதைப் பார்க்க ஒரு வட்டை விதானை. போகம் தொடங்கும் முன் எல்லோரும் கூடுவார்கள். எந்தத் திகதிக்குள் விதைப்பது, யார் எவ்வளவு தூரம் வாய்க்கால் வெட்டுவது, எந்த வேலியை யார் கட்டுவது என்று முடிவாகும். விதானைக்குக் கூலி வெளியிலிருந்து வரவில்லை. அறுவடையில் வயற்காரர் அளந்து கொடுத்த நெல்தான் அவர் கூலி. தண்ணீர் ஒழுங்காக வராவிட்டால் அடுத்த கூட்டத்தில் அவர் முகத்துக்கு நேரே கேட்பார்கள். நெல் கொடுத்தவனுக்கு அந்த உரிமை இருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பல கண்டங்களில் தமிழரின் வயலும் முஸ்லிம்களின் வயலும் அடுத்தடுத்துக் கிடந்தன. மேல் வயலும் கீழ் வயலும் ஒரே வாய்க்காலில் குடித்தன. ஆகவே கூட்டத்திலும் எல்லோரும்தான் இருந்தார்கள்.

வெள்ளைக்காரனுக்கும் இதன் பெறுமதி விளங்கியது. சேர் ஹென்றி வார்ட் 1855 முதல் 1860 வரை ஆளுநராக இருந்தார். அவர் காலத்தில் 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நெற்காணி நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் வந்தது. பழைய நீர்ப்பாசன வழமைகளை வயற்காரரே கூடித் தீர்மானித்து நடைமுறைப்படுத்த அது இடம் கொடுத்தது. இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டதும் அவர் காலத்தில்தான். அன்று இரண்டும் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் இருந்தன. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்.

அடுத்து பள்ளிவாசலும் கோயிலும். கோயில் திருவிழாவில் குடிக்குக் குடி பங்கு உண்டு, பொறுப்புக்கு வண்ணக்கர் உண்டு. நம் பள்ளிவாசல்களிலும் குடிகளின் சார்பில் மரைக்கார்மார் இருந்தார்கள். தாய்வழிக் குடிமுறை இரு சமூகத்துக்கும் பொதுவானது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் இன்றும் வாயைப் பிளக்கிறார்கள். எங்கள் மூத்தம்மாமார் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். மாதம் முடிய அது பள்ளிக்குப் போகும். நன்கொடை என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

வசதி உள்ளவர்கள் தோட்டம், கடை, காணி என்று வக்பு செய்தார்கள். முதலைத் தொடாமல் வருமானத்தை மட்டும் செலவழிப்பது வக்பின் விதி. அதைக் கண்காணிக்க 1956இல் 51ஆம் இலக்கச் சட்டம் வந்தது, வக்பு சபை வந்தது. நம்பிக்கையாளர்களின் பெயர்கள் கொழும்பில் பதிவாயின. கணக்கு ஒழுங்கானது நல்ல விடயம். ஆனால் மரைக்கார்மாரின் பழைய இடம் மெல்ல மங்கியது.

வயலிலும் அப்படித்தான். 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டத்தோடு விதானையின் இடத்துக்குப் பயிர்ச்செய்கைக் குழு வந்தது. குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்புக் கொடுத்த சட்டம் அது. போடியார்களின் ஆதிக்கத்தை அனுபவித்தவர்களைக் கேட்டால் அது ஏன் தேவைப்பட்டது என்று சொல்வார்கள். அந்தக் காலம் முழுவதும் பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை.

ஊர்க்கூட்டத்தின் பலம் அதோடு செத்துவிடவும் இல்லை. 1981இல் கல்லோயா இடதுகரையில் அதைப் பார்த்தோம். சேனாநாயக்க சமுத்திரத்தில் தண்ணீர் மிகக் குறைந்திருந்த வருடம் அது. கமநல ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இளம் ஒழுங்கமைப்பாளர்களை அனுப்பின. அவர்கள் காசு கொண்டுபோகவில்லை. வாய்க்காலுக்கு ஒரு குழுவாக விவசாயிகளைக் கூட வைத்தார்கள். வருடக்கணக்காகத் தூர்ந்து கிடந்த வாய்க்கால்களை விவசாயிகளே வெட்டினார்கள். மேலேயிருந்த சிங்கள விவசாயிகள் கடைசியிலிருந்த தமிழ் விவசாயிகளுக்குத் தண்ணீர் விட்டார்கள். நாடு இனக்கலவரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நாட்களில் இது நடந்தது.

பிறகு யுத்தம். ஒரே வாய்க்காலில் குடித்தவர்கள் ஒருவர் ஊருக்குள் ஒருவர் போகப் பயந்த காலம். அதை நீட்டி எழுத இங்கே மனம் வரவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. அதன் பின்னால் நிறுவனங்கள் வந்தன. வீடும் தோணியும் கிணறும் தந்தவர்களை நாம் மறக்கக் கூடாது. ஆனால் திட்டத்துக்கு முடிவுத் திகதி உண்டு, ஆற்றுக்கு இல்லை.

வெளிக்காசு எல்லாம் வீண் என்பதும் சரியல்ல. 1994 முதல் இங்கே நடக்கும் உலகச் சுற்றாடல் வசதியின் சிறு மானியத் திட்டம் ஊர் அமைப்புகளுக்கு நேராகவே கொடுக்கிறது. ஊரும் காசாகவோ உழைப்பாகவோ தன் பங்கைப் போட வேண்டும். 2015இல் சீக்கொலொஜி என்ற அமெரிக்க அமைப்பு, சுதீச என்ற சிலாபம் பக்கத்து மீனவர் அமைப்போடும் அரசாங்கத்தோடும் சேர்ந்து நாட்டின் கண்டல்களைக் காக்கத் தொடங்கியது. கரையோரப் பெண்களுக்குப் பயிற்சியும் சிறுகடனும் கிடைத்தன, பதிலுக்கு அவர்கள் தம் கரைக் கண்டலைக் காக்க வேண்டியிருந்தது. இரண்டிலும் ஒரே பாடம்தான்: ஊர்க்காரரின் கை உள்ளே இருந்தால்தான் கண்ணும் அங்கே இருக்கும்.

1914இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் பிரெடரிக் கொஃப் என்ற வங்கியாளர் ஊருக்கென்று ஒரு நிதியம் தொடங்கினார். செத்தவர்கள் எழுதிவைத்த பணம், காலாவதியான நோக்கங்களில் சிக்கிக் கிடப்பது அவருக்குக் கவலை. எல்லாவற்றையும் ஒரு நிதியில் சேர்த்து, இன்றைய தேவையை இன்றைய ஊர்க்காரர் தீர்மானிக்கட்டும் என்றார். நம் வட்டைக் கூட்டம் அதைத்தானே போகத்துக்குப் போகம் செய்தது?

இப்போது ஏன் இந்தக் கதை? அந்தப் பலகைக்குப் பக்கத்தில் மறுபடி கண்டல் நடவும் வேலி கட்டவும் ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து சிறு நிதி தொடங்கியிருக்கிறோம். இரண்டு வாக்குவாதம் வந்தது. ஸக்காத்தில் எடுக்கலாமா என்றார்கள். ஸக்காத் எட்டுக் கூட்டத்தாருக்கு உரியது, அதைத் தொட வேண்டாம். ஸதக்காவும் வக்பும் இருக்கின்றன.

இரண்டாவதுதான் கடினம். பக்கத்துத் தமிழ்க் கிராமத்தையும் கூப்பிடுவதா? "நம்ம காசு, நாம முடிவெடுப்போம்" என்றார் ஒருவர். பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் அந்த நியாயம் பொருந்தும். அங்கே கொடுப்பவரும் பயன்படுத்துபவரும் ஒரே ஆட்கள். வாய்க்காலுக்கு அது பொருந்தவில்லை என்பதால்தான் வட்டையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். 56 கிலோமீற்றர் நீளமான இந்த ஆறும் ஒரு வாய்க்கால்தான். கண்டலில் வளர்ந்த இறால் எந்த ஊரான் வலையில் விழும் என்று யார் சொல்வது?

அந்தக் கிராமத்துப் பாடசாலை ஆசிரியர்களோடு பேசினோம். வரும் சனிக்கிழமை அசருக்குப் பிறகு ஆற்றங்கரையில் கூடுகிறோம். தொகை பெரிதல்ல. கணக்கு மாதாமாதம் இரண்டு பாடசாலைச் சுவரிலும் ஒட்டப்படும். ஒரு ரூபா கொடுத்தவரும் கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும்.

பலகை மட்டும் இம்முறை வேண்டாம் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள்.

உங்கள் ஊரில் வட்டை விதானையை, பிடி அரிசிப் பானையைக் கண்ட பெரியவர்கள் இருந்தால் கேட்டு எழுதுங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள்.