ரெட் ஆற்று வெள்ளம், 1997

அமெரிக்காவின் வட டகோட்டா, மினசோட்டா மாநிலங்களையும் கனடாவின் மனிடோபா மாகாணத்தையும் 1997 ஏப்ரல், மே மாதங்களில் தாக்கிய பெருவெள்ளம். குளிர்காலம் முழுதும் குவிந்த பனியும், அது உருகத் தொடங்கிய வேளையில் வந்த பனிப்புயலும் சேர்ந்து இதை உண்டாக்கின. வட டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரமே மிகுதியாகப் பாதிக்கப்பட்டது.

ரெட் ஆறு வடக்கு நோக்கி ஓடி வின்னிபெக் ஏரியில் கலக்கிறது. அதன் இடர் இந்தத் திசையிலேயே தொடங்குகிறது. இளவேனில் தெற்கிலிருந்து வருவதால் ஆற்றின் தென்பகுதியில் பனி முதலில் உருகுகிறது. அந்த நீர் கீழே இறங்கும்போது வடபகுதி ஆறு இன்னும் உறைந்திருக்கும். உடைந்த பனிப்பாளங்கள் வளைவுகளிலும் பாலத் தூண்களிலும் சிக்கி அணைபோல் அடைத்துக்கொள்ளும். பள்ளத்தாக்கு என்று சொன்னாலும் இது உண்மையில் அகாசிஸ் என்னும் பனியுகப் பேரேரியின் வற்றிய படுகை. பல இடங்களில் சரிவு மைலுக்கு அரை அடிதான். கரை தாண்டிய நீருக்குப் போக்கிடம் இல்லை. வயல்களில் பரவி நிற்கும். அடியில் மண் உறைந்திருப்பதால் உறிஞ்சவும் வழியில்லை.

1996–97 குளிர்காலத்தில் எட்டுப் பனிப்புயல்கள் வந்தன. ஃபார்கோ நகரில் மட்டும் 117 அங்குலப் பனி பெய்தது. ஏறத்தாழ மூன்று மீட்டர். கிராண்ட் ஃபோர்க்ஸ் ஹெரால்டு நாளிதழ் ஒவ்வொரு புயலுக்கும் ஒரு பெயர் வைத்தது. எட்டாவதான ஹன்னா ஏப்ரல் முதல் வாரத்தில், கரைகளில் மணல்மூட்டை அடுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது வந்தது. முதலில் மழை, பிறகு உறைமழை, அதன்பின் பலத்த காற்றுடன் பனி. உயரத்தில் உள்ள வெப்பக் காற்று பனித்துகளை உருக்கி மழையாக்கும். தரையை ஒட்டிய காற்றோ உறைநிலைக்குக் கீழே இருக்கும். அந்தக் குளிரடுக்கு மெலிதாக இருந்தால் துளிகள் நீராகவே வந்து, கம்பியிலும் கிளையிலும் பட்டவுடன் கண்ணாடிபோல் உறையும். இதுவே உறைமழை. அடுக்கு தடித்திருந்தால் வழியிலேயே உறைந்து குறுணையாக விழும். ஹன்னாவில் மின்கம்பங்கள் பனிச்சுமை தாங்காமல் வரிசையாகச் சாய்ந்தன. மணல்மூட்டை அடுக்கியவர்களின் வீடுகளில் விளக்கும் இல்லை, வெப்பமும் இல்லை. ஏற்கெனவே நிறைந்திருந்த படுகையில் மேலும் நீர் சேர்ந்தது.

இந்த வெள்ளத்தில் மிகவும் வேதனை தருவது 49 என்ற எண். கிராண்ட் ஃபோர்க்ஸில் ஆற்றுமட்டம் எவ்வளவு உயரும் என்பதற்கு, தேசிய வானிலைச் சேவை பிப்ரவரியில் இரு மதிப்பீடுகளைத் தந்திருந்தது: இனி மழையோ பனியோ இல்லையென்றால் 47.5 அடி, வழக்கமான அளவு பெய்தால் 49 அடி. இவை நிபந்தனையோடு சொல்லப்பட்ட மதிப்பீடுகள். ஊரில் 49 என்பது உச்ச வரம்பாகவே புரிந்துகொள்ளப்பட்டது. 1979இல் ஏறத்தாழ 48.8 அடி வெள்ளத்தைத் தடுத்து நிறுத்திய நினைவும் மக்களுக்குத் துணிவு தந்தது. கரைகள் 52 அடிக்கு உயர்த்தப்பட்டன. ஆறு 54.35 அடிக்கு ஏறியது. மூட்டை சுமந்தவர்களைக் குறைசொல்ல முடியாது. முன்கணிப்பு எவ்வளவு பிசகக்கூடும் என்பது அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை.

ஏப்ரல் 18இல் கரைகள் உடையத் தொடங்கின. சுமார் 50,000 பேர் வாழ்ந்த நகரம் ஏறக்குறைய முழுதும் காலியானது. எதிர்க்கரையிலுள்ள கிழக்கு கிராண்ட் ஃபோர்க்ஸும் மூழ்கியது. மறுநாள், நீர் சூழ்ந்த நகர மையத்தில் தீப்பற்றி 11 கட்டடங்கள் அழிந்தன. தீயணைப்பு வண்டிகள் நெருங்க முடியாமல் ஹெலிகாப்டரிலிருந்து நீர் கொட்ட வேண்டியதாயிற்று. ஹெரால்டின் அலுவலகமும் எரிந்தது. ஆயினும் இதழ் ஒருநாளும் நிற்காமல் வெளிவந்தது. 1998இல் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு பெற்றது.

மனிடோபாவில் பரந்து நின்ற நீரைச் செங்கடல் என்றே மக்கள் அழைத்தார்கள். வின்னிபெக் நகரைக் காத்தது 1968இல் முடிக்கப்பட்ட 47 கி.மீ. வெள்ளக் கால்வாய். 1950 வெள்ளத்துக்குப்பின், மாகாண முதல்வர் டஃப் ராப்ளின் எதிர்ப்புகளை மீறி வெட்டிய அதை எதிரிகள் ‘டஃபின் பள்ளம்’ என்றார்கள்.

பிந்தைய ஆண்டுகளில் அமெரிக்க வெள்ள முன்கணிப்புகள் ஒற்றை எண்ணை விட்டு, நிகழ்தகவுகளாக வெளியிடப்படலாயின. கிராண்ட் ஃபோர்க்ஸில் ஆற்றோர வீடுகள் பல அகற்றப்பட்டு அந்நிலம் பசுமைவெளியானது. அதற்குப் பின்னால் புதிய கரைகளும் சுவர்களும் எழுந்தன. 2009இலும் 2011இலும் ஆறு 49 அடியைத் தாண்டியது. அந்தக் கரைகள் தாங்கின.