சாலை அடித்தளத்தில் அனல்மின் நிலையச் சாம்பல்: இந்திய நெறிமுறைகளும் சட்டமும் (1976–2021)

ஆய்வுச் சுருக்கம்

நிலக்கரிச் சாம்பலைச் சாலையின் அடித்தள அடுக்குகளில் இடும் முறை இந்தியாவில் 1976இலேயே நெறிப்படுத்தப்பட்டது. ஆயினும் அதன் பரவலுக்குத் தொழில்நுட்பம் மட்டும் போதவில்லை. சாம்பலைக் கொண்டுசெல்லும் தொலைவும் செலவும் சட்டத்தால் வரையறுக்கப்பட வேண்டியிருந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நிலக்கரிச் சாம்பல், சாலைக்கரை, மேல்மண், அறிவிக்கை.

முன்னுரை

அனல்மின் நிலையச் சாம்பலை நீருடன் கலந்து சாம்பல் குளங்களில் தேக்குவது நெடுநாளைய வழக்கம். அக்குளங்கள் பெரும் நிலப்பரப்பை அடைத்துக்கொள்கின்றன. காய்ந்த சாம்பல் காற்றில் பறந்து அண்டை ஊர்களில் படிகிறது. அதிலுள்ள கன உலோகங்கள் நிலத்தடி நீரில் கசியவும் கூடும். மறுபுறம், சாலைக்கரை எழுப்புவதற்காக மேல்மண் அகழப்படுகிறது.

தொழில்நுட்ப நெறிமுறைகள்

சாம்பலிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் ஈரப்பதத்தில் சுண்ணாம்புடன் வினைபுரிந்து இறுகும். இப்பண்பைக் கொண்டு, சுண்ணாம்பும் சாம்பலும் கலந்த கற்காரையை அடித்தளத்திலும் துணை அடித்தளத்திலும் இடுவதற்கான தற்காலிக வழிகாட்டுதலை இந்தியச் சாலைப் பேராயம் 1976இல் வெளியிட்டது. சாலைக்கரைகளுக்கான வழிகாட்டுதல் 2001இல் வந்தது. சாம்பல் மண்ணைவிட எடை குறைந்ததாதலின் மென்னிலத்தின்மீது சுமை குறையும். ஆனால் ஒட்டும் தன்மை இன்மையால் மழைநீரில் எளிதில் அரிக்கப்படும். எனவே கரையின் பக்கங்களை மண்ணால் மூடுதல் இன்றியமையாதது.

முதல் நெறிமுறை வெளிவந்து இருபது ஆண்டுகள் கழிந்த 1996–97இல், உருவான 6.89 கோடி டன் சாம்பலில் எல்லாப் பயன்பாடுகளுக்குமாகச் சேர்த்து 66 லட்சம் டன்னே செலவாயிற்று.

சட்டமும் தொலைவும்

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1999 செப்டம்பர் 14இல் வெளியான அறிவிக்கை, அனல்மின் நிலையத்திலிருந்து 50 கி.மீ. சுற்றளவிலுள்ள செங்கல் உற்பத்தியாளர்கள் சாம்பலைக் கலப்பதைக் கட்டாயமாக்கியது. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வெல்லையை 100 கி.மீ. ஆக்கி, அதற்குள் மேல்மண்ணால் சாலைக்கரை அமைப்பதைத் தடுத்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் எல்லையை 300 கி.மீ. வரை விரித்தது. சாலைப் பணிகளுக்கு 100 கி.மீ. வரையிலான போக்குவரத்துச் செலவை மின்நிலையமே ஏற்க வேண்டும். அதற்கு அப்பால் பயனாளரும் மின்நிலையமும் சமமாகப் பகிர வேண்டும் என்றும் வகுத்தது. 2021 டிசம்பர் 31ஆம் நாளைய அறிவிக்கை, பயன்படுத்தாத சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு விதித்தது.

முடிவுரை

2021–22இல் உருவான 27.08 கோடி டன்னில் 25.99 கோடி டன் பயன்பட்டது. சிமெண்ட், செங்கல், சுரங்கக் குழி நிரப்புதல் ஆகியனவும் இதில் அடங்குவதால், இவ்வளர்ச்சி முழுவதையும் சாலைப் பணிக்கு உரியதாகக் கொள்ளுதல் பொருந்தாது. நெறிமுறை வாய்ப்பைத் திறந்தது. செலவை ஏற்பவரைச் சுட்டிய சட்டமே அதனைக் கடமையாக்கியது. எனினும் இவ்வெண்கள் டன் கணக்கையே காட்டுகின்றன. மண்மூடி முறையாக இடப்படாத சாலைக்கரை, சாம்பல் குளத்தின் தீங்கை வேறோர் ஊருக்குக் கொண்டு சேர்க்கும். ஆதலின் பயன்பாட்டின் அளவோடு கட்டுமானத்தின் தரமும் கண்காணிக்கப்படுதல் வேண்டும்.