கிண்டிக்கு வந்த ஜெர்மானியரும் ஜெர்மனிக்குப் போன நம்மவரும்

சென்னீர்குப்பத்தைச் சுற்றி, பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை, கல்லூரிகள் நிறைந்த வட்டாரம் நம்முடையது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது இன்று கல்லூரிகளில் அடிக்கடி காதில் விழும் செய்தி. கையெழுத்துப் போடுவது எளிது. அதன்பின் வகுப்பறையில் என்ன மாறுகிறது என்பதுதான் கேள்வி. விடை தேடி வெகுதூரம் போக வேண்டாம். போரூர் வழியாகக் கத்திப்பாராவைத் தாண்டினால் கிண்டியில் இருக்கிறது ஐ.ஐ.டி.

1956இல் நேரு மேற்கு ஜெர்மனி சென்றபோது, இந்தியாவில் ஓர் உயர் தொழில்நுட்பக் கல்வி நிலையம் அமைக்க உதவுவதாக அந்த அரசு முன்வந்தது. 1959இல் பான் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று மத்திய அமைச்சர் ஹுமாயூன் கபீர் நிறுவனத்தைத் தொடங்கி வைத்தார். முதல் இயக்குநர் பி. செங்குப்தோ. முதல் அணியில் 120 மாணவர்கள்.

அந்த ஒப்பந்தத்தில் மூன்று கூறுகள் இருந்தன: ஜெர்மன் பேராசிரியர்களும் பட்டறை ஃபோர்மன்களும் இங்கே வருவது, நம் ஆசிரியர்கள் அங்கே சென்று பயிற்சி பெறுவது, ஆய்வகக் கருவிகள். பலரும் கருவிகளைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். 1973இல் வந்த ஐபிஎம் 370 கணினி இன்றுவரை பெருமையோடு நினைவுகூரப்படுகிறது. என் மதிப்பில் முதலிடம் ஃபோர்மன்களுக்கு. பேராசிரியருக்கு இணையாகப் பட்டறை ஆசானையும் கடல் கடந்து அனுப்பிய திட்டம் அது. பொறியாளராகப் போகிறவன் அரம் பிடிக்க வேண்டும், லேத்தில் நிற்க வேண்டும், கையில் கறை படிய வேண்டும் என்பதை அவர்கள் வழக்கமாக்கினார்கள். படித்தவன் கையழுக்காகக் கூடாது என்று எண்ணிய நாட்டில் இது சிறிய மாற்றமல்ல.

அடுத்தது, போய்வந்த நம் ஆசிரியர்கள். ஜெர்மன் ஆய்வகங்களில் பயின்று திரும்பியவர்களுக்கு இங்கே ஜெர்மன் கருவிகளே காத்திருந்தன. கருவியும் அதை அறிந்த ஆளும் ஒரே இடத்தில் சேர்ந்ததால்தான் ஆய்வகங்கள் உயிர்பெற்றன. இயக்கத் தெரிந்தவர் இல்லாத கருவி, பெட்டி பிரிக்காமலே துருப்பிடிக்கும். ஜெர்மானியர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பிய பிறகும் பாடம் நிற்கவில்லை என்பதே அந்த ஏற்பாட்டின் வெற்றி.

இப்போது திசையும் மாறியிருக்கிறது. 2023 நவம்பரில் அதே நிறுவனம் தான்சானியாவின் சான்சிபாரில் தன் வளாகத்தைத் திறந்தது. அதன் பொறுப்பு இயக்குநராக நியமிக்கப்பட்ட ப்ரீத்தி அகலாயம், ஒரு ஐ.ஐ.டி.யின் தலைமையை ஏற்ற முதல் பெண்மணி.

நம் பக்கத்துக் கல்லூரிகளுக்கு அரசுப் பணமும் கப்பலில் வரும் இயந்திரங்களும் கிடைக்கப் போவதில்லை. 2015இல் மத்திய அரசு தொடங்கிய ‘கியான்’ போன்ற திட்டங்களில் வெளிநாட்டுப் பேராசிரியர் ஓரிரு வாரம் வந்து பாடம் எடுக்கலாம், நல்லதுதான், போதாது. நம் ஆசிரியர் ஒரு பருவமாவது வெளியே தங்கிப் பாடம் நடத்த வேண்டும். அதற்குக் கல்லூரி அவருக்குச் சம்பளத்தோடு விடுப்புத் தர வேண்டும், அவர் வகுப்புகளை ஏற்க ஆள் வைக்க வேண்டும், திரும்பியதும் புதிதாக ஒரு பாடத்தை வடிவமைக்க அவருக்கு உரிமை தர வேண்டும். அடுத்த கல்வியாண்டின் வரவுசெலவிலேயே ஓர் ஆசிரியருக்கேனும் இதற்கு இடம் ஒதுக்கலாம்.