உயரமும் தலைமையும்: கோவினின் வாதமும் வாலிபாலின் லிபரோ விதியும்

உயரமானவர்களே தலைவர்களாகிறார்கள் என்ற நம்பிக்கைக்கு எண்களால் அடித்தளம் போட்டவர் எனோக் பர்ட்டன் கோவின். நிர்வாகிகளைப் பற்றி அவர் எழுதி 1915இல் அமெரிக்காவில் வெளிவந்த நூலில் உயர்பதவி வகிப்போரின் உடலளவையும், அதே துறையில் கீழ்நிலையில் இருப்போரின் உடலளவையும் ஒப்பிட்டார். ஆயர்களின் சராசரி உயரம் 70.6 அங்குலம், சிற்றூர்ப் போதகர்களுடையது 68.8. ரயில்வே கம்பெனித் தலைவர்கள் 70.9 அங்குலம், நிலைய ஏஜெண்டுகள் 69.4. பல்கலைக்கழகத் தலைவர்கள், விற்பனை மேலாளர்கள் என்று அவர் எடுத்துக்கொண்ட மற்ற இணைகளிலும் இதே திசைதான். நூறாண்டுக்கும் மேலாகியும் இந்த வாதம் ஓயவில்லை. விளையாட்டுக் குழுவின் கேப்டனைப் பற்றிப் பேசும்போது அது இன்னும் வலுவாகவே தலைகாட்டுகிறது. கோவினின் முடிவு குழு விளையாட்டுக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்கு நான் பெரிதும் நம்பியிருப்பது வாலிபால் விதிநூலில் பல ஆண்டுகள் இருந்து 2021ஆம் ஆண்டுப் பதிப்பில் காணாமல்போன ஒரு சிறு தொடரை.

முதலில் கோவினின் ஒப்பீட்டையே எடுத்துக்கொள்வோம். ரயில்வே தலைவரும் நிலைய ஏஜெண்டும் ஒரே நாற்காலிக்குப் போட்டியிட்டவர்கள் இல்லை. அவர்கள் பிறந்த வீடு வேறு, வளர்ந்த காலத்துச் சாப்பாடு வேறு, படித்த பள்ளி வேறு. அக்கால அமெரிக்காவில் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் ஏழை வீட்டுப் பிள்ளைகளைவிட உயரமாக வளர்ந்தார்கள். பெரிய பதவிகளும் அவர்களுக்கே எளிதில் கிடைத்தன. ஆகவே கோவின் அளந்த ஒன்றரை அங்குலத்தில் தலைமைக் குணம் எவ்வளவு, சிறுவயதில் குடித்த பால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அவருடைய அட்டவணையில் வழியே இல்லை. இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. ஆயரும் போதகரும் ஒரே களத்தில் ஒன்றாக நிற்பவர்கள் அல்லர். குழு விளையாட்டில் தலைவனும் மற்றவர்களும் ஒரே கோட்டுக்குள் ஒரே நேரத்தில் ஆடுகிறார்கள். அங்கே யார் எங்கே நிற்க வேண்டும், யார் யாரிடம் பேசலாம் என்பதையெல்லாம் விதி முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறது. கோவினின் எண்களில் இந்த விதிக்கு இடமே கிடையாது.

1948இல் ரால்ஃப் ஸ்டாக்டில் அதுவரை வந்த தலைமைப் பண்பு ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்தபோது, உயரத்துக்கும் தலைமைக்குமான உறவு ஆய்வுக்கு ஆய்வு மாறியது. சிலவற்றில் அது எதிர்த்திசையிலும் போயிருந்தது. சூழலைப் பார்க்காமல் உடலை மட்டும் பார்ப்பதில் பயனில்லை என்ற இடத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். நியாயமாக மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2004இல் திமதி ஜட்ஜும் டேனியல் கேபிளும் பல ஆய்வுகளைத் தொகுத்து, உயரத்துக்கும் தலைமைக்கும் ஓரளவு உறவு உண்டென்றே கண்டார்கள். உறவு இருப்பதை நான் மறுக்கவில்லை. அந்த உறவு எந்த வழியாக வருகிறது என்பதே கேள்வி.

அதற்கு ஒரு வழியைக் காட்டியவர் ஆஸ்கர் கிரஸ்கி. பேஸ்பால் அணிகளின் மேலாளர்களாகப் பின்னாளில் உயர்ந்தவர்கள் ஆட்டக்காலத்தில் எந்த இடத்தில் நின்றவர்கள் என்று 1963இல் வெளியான ஆய்வில் அவர் பார்த்தார். கேட்சரும் உள்வட்டக்காரர்களும் அதிகம். வெளிமைதானத்தில் தனியே நின்றவர்கள் குறைவு. ஆட்டத்தின்போது மற்றவர்களோடு ஓயாமல் தொடர்பில் இருந்தவர்களே தலைமைக்கு வந்தார்கள் என்பது அவர் முடிவு. உடல் இடத்தைத் தீர்மானிக்கலாம். தலைமையைத் தீர்மானிப்பது இடம். கிரஸ்கியின் இந்த அடியை வாலிபாலில் வைத்துப் பார்த்தால் கோவின் சறுக்கும் இடம் தெளிவாகத் தெரிகிறது.

மீஞ்சூரிலிருந்து பழவேற்காடு வரையிலான குப்பங்களில் மீன்வலைக்கு அடுத்தபடியாகக் கம்பத்தில் கட்டப்படும் வலை வாலிபால் வலைதான். ஆகவே ஆட்டத்தின் அடிப்படையை இங்கே விளக்கத் தேவையில்லை. உயரம் தொடர்பான வரலாற்றை மட்டும் சுருக்கமாகத் தொடுகிறேன். 1895இல் அமெரிக்காவில் பிறந்த இந்த ஆட்டம் ஒய்.எம்.சி.ஏ. வழியாக ஆசியாவுக்கு வந்தபோது ஆள் எண்ணிக்கை இன்றுள்ளதுபோல் இல்லை. தூரக்கிழக்கு விளையாட்டுப் போட்டிகளில் அணிக்கு 16 பேர், பிறகு 12 பேர், 1927இல் 9 பேர் என்று குறைந்தது. ஒன்பது பேர் ஆட்டத்தில் சுழற்சி கிடையாது. முன்வரிசையில் நிற்பவர் கடைசிவரை முன்வரிசையிலேயே நிற்பார். பின்வரிசைக்காரருக்கு வலைப்பக்கம் போக வேண்டிய கட்டாயமே இல்லை. குட்டையானவருக்கு அந்த ஆட்டத்தில் உறுதியான ஓர் இடம் இருந்தது. 1958 டோக்கியோ, 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஆறு பேர் ஆட்டமும் ஒன்பது பேர் ஆட்டமும் தனித்தனியாக நடந்தன. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆறு பேர் ஆட்டம் நுழைந்தபின் ஒன்பது பேர் ஆட்டம் சர்வதேச அரங்கிலிருந்து ஒதுங்கியது.

ஆறு பேர் ஆட்டத்தில் எல்லோரும் சுழல வேண்டும். ஆண்களுக்கான வலையின் உயரம் 2.43 மீட்டர். சுழற்சியில் முன்வரிசைக்கு வந்த குட்டையானவரின் தலைக்கு மேலேயே எதிரணி அடித்துவிடும். எனவே பயிற்சியாளர்கள் ஆறு இடங்களுக்கும் உயரமானவர்களையே தேடினார்கள். கோவின் சொன்னது உண்மையாகியிருக்க வேண்டிய ஆட்டம் என்றால் அது இதுதான். ஆனால் கேப்டன்களைப் பாருங்கள். 1981இல் உலகக்கோப்பை வென்ற சீனப் பெண்கள் அணியில் எதிரணிகளை நடுங்கவைத்த அட்டாக்கர் லாங் பிங். கேப்டன் செட்டர் சுன் ஜின்ஃபாங். ஜப்பான் பெண்கள் அணியின் கேப்டனாக இருந்த யோஷியே தாகெஷிதாவின் உயரம் 159 செ.மீ.; 2006 உலகச் சாம்பியன்ஷிப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே போனது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிரேசிலின் கேப்டன் புருனோ, டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிரான்சின் கேப்டன் பெஞ்சமின் தோனியூத்தி, 2018 ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தலைமை தாங்கிய நம் தமிழ்நாட்டு உக்கிரபாண்டியன் மோகன், இவர்கள் எல்லோருமே செட்டர்கள். இங்கே ஒரு மறுப்பு எழலாம்: செட்டர்கள் அணியில் குட்டையானவர்கள், ஆகவே இது கோவினைத் தலைகீழாக்கிய கணக்குத்தானே? அதுவும் சரியில்லை. 2022 உலகச் சாம்பியன் இத்தாலியின் கேப்டன் சிமோனே ஜன்னெல்லி ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரம், அவரும் செட்டர்தான். 159 செ.மீ.யும் இரண்டு மீட்டரும் ஒரே இடத்தில் நின்று ஒரே பொறுப்பை ஏற்றிருக்கின்றன. ஒவ்வொரு ரேலியிலும் இரண்டாவது பந்து செட்டர் கைக்கு வருகிறது. யாருக்குத் தூக்குவது என்று முடிவெடுப்பவர் அவர். அட்டாக்கர்கள் ஒவ்வொருவரோடும் பேசியே தீர வேண்டியவரும் அவர்.

இனி அந்தத் தொடருக்கு வருகிறேன். ஆறு பேர் ஆட்டம் குட்டையானவர்களை வெளியே தள்ளிவிட்டதைச் சர்வதேசக் கூட்டமைப்பும் உணர்ந்தது. 1998இல் லிபரோ என்ற தற்காப்பு ஆட்டக்காரர் விதிநூலில் அதிகாரபூர்வமாக இடம்பெற்றார். ஒலிம்பிக்கில் 2000 சிட்னியில் முதன்முதலாக இறங்கினார். மற்றவர்களிடமிருந்து வேறுபட்ட நிறத்தில் பனியன்; பின்வரிசையில் மட்டும் ஆட்டம்; பிளாக் போட முயலவும் கூடாது; வலைக்கு மேலுள்ள பந்தை அடிக்கவும் கூடாது. அவர் உள்ளே வருவதும் வெளியே போவதும் மாற்று ஆட்டக்காரர் கணக்கில் சேராது. ஒன்பது பேர் ஆட்டத்தின் பின்வரிசைக்காரர் வேறு உடையில் திரும்பி வந்தார் என்றே இதை நான் பார்க்கிறேன்.

ஆனால் கேப்டனைப் பற்றிய விதியில் ஒரு விலக்கு இருந்தது. அணியின் கேப்டன் களத்தில் இல்லாதபோது களத்தில் உள்ள இன்னொருவரை ஆட்டக் கேப்டனாக அறிவிக்க வேண்டும். அந்த ஒருவர் லிபரோவாக இருக்கக் கூடாது. அணிக் கேப்டன் பதவிக்கும் அதே தடை. 2021ஆம் ஆண்டுப் பதிப்பில் தடை நீங்கியது, லிபரோவும் கேப்டனாகலாம். இரண்டு பதிப்புகளையும் அருகருகே வைத்துப் படித்தால் விதியின் மற்ற பகுதிகள் ஏறத்தாழ அப்படியே இருக்கின்றன. பனியனில் மார்பு எண்ணுக்கு அடியில் 8 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் கேப்டன் பட்டை, டாஸுக்குப் போவது, ஸ்கோர் தாளில் கையெழுத்திடுவது, ரெஃப்ரியிடம் விளக்கம் கேட்கும் உரிமை, எதுவும் மாறவில்லை. மாறியது அந்த விலக்கு மட்டுமே.

விலக்கு ஏன் வந்தது? விதிநூல்கள் காரணம் சொல்லும் வழக்கம் இல்லாதவை. பொதுவாகத் தரப்படும் விடை நிர்வாக வசதி. சுழற்சியில் முன்வரிசை வரும்போதெல்லாம் லிபரோ வெளியேறுகிறார். ஒவ்வொரு தடவையும் கேப்டன் மாறினால் ரெஃப்ரிக்குக் குழப்பம் என்பார்கள். இதை நான் ஏற்கவில்லை. எந்தக் கேப்டனையும் எந்த நேரத்திலும் பயிற்சியாளர் வெளியே அழைக்கலாம். அப்போது ஆட்டக் கேப்டனை நியமிக்கும் ஏற்பாடு அதே விதியிலேயே இருந்தது. குழப்பத்தைத் தீர்க்கும் வழி கையில் இருக்கும்போது தடை எதற்கு? மேலும் குழப்பமே காரணம் என்றால், லிபரோ உள்ளே வந்து வெளியே போகும் முறை 2021க்குப் பிறகும் அப்படியே இருக்கையில் தடை மட்டும் எப்படி நீங்கியது? என் கணிப்பு இது: தொடக்கத்தில் லிபரோ முழு ஆட்டக்காரராகவே கருதப்படவில்லை. பின்வரிசைக் காவலுக்கு என்று சேர்த்துக்கொள்ளப்பட்ட துணையாள் என்ற எண்ணம் விதியை எழுதியவர்களுக்கு இருந்திருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆடி, தன் இடம் மொத்தத் தற்காப்பையும் குரல்கொடுத்து நடத்தும் இடம் என்று லிபரோ காட்டியபின் அந்த எண்ணம் உதிர்ந்தது. சான்று மெலிந்த இடம் இது என்பதை அறிவேன். கூட்டமைப்பின் விதிக்குழுக் குறிப்புகள் வேறு காரணம் காட்டினால் இந்தக் கணிப்பை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். ஆனால் விளைவில் ஐயமில்லை. அணியிலேயே குட்டையானவருக்கென்று ஓர் இடத்தை உருவாக்கிய அதே விதிநூல், அந்த இடத்தில் நிற்பவர் தலைவராக முடியாது என்றும் எழுதிவைத்தது. அந்த ஆண்டுகளின் கேப்டன்களை அளந்து சராசரி போடுபவருக்கு, உயரமும் தலைமையும் கைகோத்து வருவதாகத்தான் தெரியும். அந்தச் சராசரியின் ஒரு பகுதி அச்சில் இருந்த விலக்கிலிருந்து வந்தது என்பது எந்த அளவுகோலிலும் தெரியாது.

உயரமே எல்லாமாகத் தோன்றும் ஆட்டங்களிலும் நிலைமை இதுதான். ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் நடுவர் எறியும் பந்தைத் தட்டும் ரக்மேன் அணியிலேயே நெட்டையானவர். ரிச்மண்ட் அணியின் ஜாக் டையர் ரக்மேனாகவும் கேப்டன்-பயிற்சியாளராகவும் இருந்து 1943இல் கோப்பை வென்றார். 2021இல் மெல்பர்னுக்கு 57 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை வாங்கித் தந்த மேக்ஸ் கானின் உயரம் சுமார் 209 செ.மீ. கோவினுக்கு ஆதரவாக இவர்களை நிறுத்தலாம். அதே ஆட்டத்தில் 171 செ.மீ. உயரமுள்ள பாப் ஸ்கில்ட்டன் சவுத் மெல்பர்னுக்குப் பல ஆண்டுகள் தலைமை தாங்கினார். 1990இல் காலிங்வுட்டுக்கு 32 ஆண்டு இடைவெளிக்குப் பின் கோப்பை தந்த டோனி ஷாவும் குட்டையானவரே. நெட்டையானவரும் குட்டையானவரும் இப்படிக் கலந்து வருவதற்குக் காரணம், பந்து விழும் இடத்தில் ரக்மேனும் அவர் காலடியில் நிற்கும் சிறிய ரோவரும் எப்போதும் ஒன்றாக இருப்பதே.

யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கத்தின் கதை இதற்கு மறுமுனையில் நிற்கிறது. 208 செ.மீ. உயரம்; உலகிலேயே மிக உயரமான நெட்பால் வீராங்கனை என்று பெயர் பெற்றவர். 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கும் வளையத்துக்குக் கீழே நின்று அவர் பந்தை ஏந்தினால், மூன்றடி தள்ளி நிற்க வேண்டிய எதிரணிக்காரரால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. 2018 ஆசியச் சாம்பியன்ஷிப்பில் இலங்கையின் கோல்களைக் குவித்தவர் அவர். அந்த அணியின் தலைவி சதுரங்கி ஜயசூரிய. நெட்பால் விதிப்படி கோல் ஷூட்டர் மைதானத்தின் மூன்றில் ஒரு பகுதியை விட்டு வெளியே காலெடுத்து வைக்க முடியாது. தர்ஜினிக்குத் தலைமைத் தகுதி இல்லை என்பதற்கு இது சான்றாகாது. இலங்கையில் ஒரு தமிழ்ப் பெண் தேசிய அணியில் ஆடிய ஆண்டுகளுக்கு உயரத்தோடு தொடர்பில்லாத வேறு கனங்களும் உண்டு. ஆனால் மிக உயரமானவரை விதி எங்கே கட்டிவைக்கிறது என்பதைப் பார்க்காமல் கேப்டன்களின் உயரத்தை மட்டும் எண்ணுவது எவ்வளவு பயனற்றது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எல்லாத் தலைமையும் ஆளைப் பார்த்து வருவதில்லை என்பது இக்கரைக்குப் புதிதும் அல்ல. பழவேற்காட்டு ஏரியில் எந்தத் தலைக்கட்டு எங்கே வலை கட்டுவது என்பதைப் பாடு முறை தீர்க்கிறது; சோழமண்டலக் கரைப் பட்டினவர் ஊர்களில் ஊர்த் தலைவருக்கான செட்டியார் பட்டம் பரம்பரையாக வந்தது. யாருக்கு எந்த இடம், யாருக்குப் பேசும் உரிமை என்பதை இங்கேயும் ஊர் விதிதான் வகுத்தது.

எஞ்சியிருப்பது ஆண்டுக் கணக்கு. 2021 விதி எல்லா ஊரிலும் ஒரே நாளில் அமலானதாகக் கொள்ள முடியாது. மாவட்டப் போட்டிகளும் கோயில் திருவிழாப் போட்டிகளும் பழைய பழக்கத்தை விடுவதற்கு நாளெடுக்கும். தமிழ்நாட்டில் ஒரு லிபரோ முதலில் எந்தப் போட்டியில் கேப்டன் பட்டை அணிந்தார் என்பதை அறிய ஒரே ஆவணம் ஸ்கோர் தாள். அதில் கேப்டனின் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டிருக்கும். லிபரோவின் எண் தனி வரியில் இருக்கும். இரண்டும் ஒன்றாகும் முதல் தாளே நமக்கு வேண்டியது. போட்டி முடிந்ததும் அந்தத் தாள்கள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகின்றன. மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு வட்டாரத்தில் போட்டி நடத்தும் குழுக்களும் கல்லூரிகளின் உடற்கல்வித் துறைகளும் 1998க்குப் பிந்தைய ஸ்கோர் தாள்களைத் தூக்கிப் போடாமல் ஆண்டுவாரியாகக் கட்டி வைக்க வேண்டும். முடிந்தால் ஆட்டக்காரர்களின் உயரத்தையும் இனி அதன் ஓரத்தில் குறித்து வையுங்கள்.