தகட்டிலிருந்து தண்டுக்கு: ஒரு பெயரின் வரலாறு

முதலிரு கழுத்தெலும்புகளும் நிலைபிறழ்ந்தால் தண்டுவடம் நசுங்கக்கூடும். 1939இல் காலி என்பவர் அவற்றைக் கம்பியால் பிணைக்கும் முறையை விவரித்தார். பின்னர் மாகெர்ல், மூட்டை ஊடுருவி ஒரே திருகாணியைச் செலுத்தினார். முதுகெலும்புத் தமனி காயமுறும் அபாயம் அதில் இருந்தது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் அதுல் கோயல், லாஹேரியுடன் இணைந்து 1994இல் எழுதிய கட்டுரையில், ஒவ்வோர் எலும்பிலும் தனித்தனித் திருகாணி பதித்து அவற்றைத் தகட்டால் இணைக்கும் முறையை முன்வைத்தார். 2001இல் ஜெர்மனியின் ஹார்ம்ஸும் மெல்ச்சரும் தகட்டின் இடத்தில் தண்டை வைத்தனர். பலர் அதை ‘ஹார்ம்ஸ் முறை’ என்றே வழங்கினர். இன்று ‘கோயல்–ஹார்ம்ஸ்’ என்ற பெயரும் நிலைபெற்றுள்ளது. ஒரு மாநகராட்சி மருத்துவமனையில் உருவான கருத்துக்கு உரிய இடத்தை அந்த முதற்சொல் மீட்டளிக்கிறது.